யார்கிட்டேர்ந்து யாருக்கு?

ஆபீஸ் மீட்டிங்ல பார்த்த ஒரு ஸ்லைடு ரொம்ப நாளா மனசை விட்டுப் போக மாட்டேங்குது. எச்ஆர் டீம்லேர்ந்து ஒருத்தர் போட்டுக் காட்டினாரு. எங்க பிரிவுல யார் யார் எப்போ ரிசைன் பண்ணாங்கங்கிறதை வரிசையா புள்ளி வச்சு, அது மேல ஒரு கர்வ் வரைஞ்சிருந்தாங்க. முதல்ல மெதுவா ஊர்ந்து, நடுவுல கிடுகிடுன்னு ஏறி, கடைசியில மேல போய் படுத்துக்குற அதே எஸ் வடிவம். "கொரோனாவுக்குப் போட்டாங்களே, அதே எஸ்ஐஆர் மாடல் தாங்க இது"ன்னாரு. அதாவது ஆட்களைத் தொற்று வரக்கூடியவங்க, வந்தவங்க, குணமானவங்கன்னு மூணா பிரிக்கிற கணக்கு. ரிசைன் பண்ணவங்க எல்லாம் தொற்று வந்தவங்க, இன்னும் சீட்ல இருக்கிறவங்க தொற்று வரக்கூடியவங்க. ஆர்-நாட் (ஒருத்தர் சராசரியா எத்தனை பேருக்குப் பரப்புவாருங்கிற எண்) இவ்வளவுன்னு ஒரு நம்பரும் ஓரமா இருந்துச்சு. கர்வ் அந்தப் புள்ளிகள் மேல அச்சா பொருந்தி உக்காந்திருந்ததால யாரும் எதுவும் கேக்கல. கடைசி ஸ்லைடுல தீர்வு: நோட்டீஸ் குடுத்த ஆளை அன்னிக்கே டீம் குரூப்லேர்ந்து எடுத்துடணும், மத்தவங்களோட சேர்ந்து வேலை செய்ய விடக்கூடாது. அதாவது தனிமைப்படுத்தல்.

அந்தப் புள்ளிகள்ல பாதிப் பேர் என் கூட வேலை பார்த்தவங்க. ஏன் போனாங்கன்னு எனக்குத் தெரியும், அவங்களே உக்காந்து சொல்லியிருக்காங்க. ஒரு ப்ராஜெக்டை திடீர்னு மூடிட்டாங்க, அப்ரைசல் தள்ளித் தள்ளிப் போச்சு, அதே சமயத்துல வெளியில நல்ல ஆஃபர்கள் வந்துட்டிருந்துச்சு. இது எதுவுமே அந்தப் படத்துல இல்ல. மீட்டிங் முடிஞ்சதும் அவர்கிட்ட போய், "ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்கு என்ன போச்சுன்னு வச்சுக்கிட்டு இதைப் போட்டீங்க?"ன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "சென்டிமென்ட் தாங்க"ன்னாரு. நல்ல மனுஷன், வேணும்னே யாரையும் கிருமின்னு சொல்ற ஆள் இல்ல. ஆனா அந்தப் பதில் எனக்குப் போதல. அதுலேர்ந்து இதைப் பத்திக் கிடைச்சதை எல்லாம் படிக்க ஆரம்பிச்சேன். நோய்க்குன்னு எழுதின கணக்கை வதந்திக்கு, ஃபேஷனுக்கு, பேங்க் திவாலுக்கு, கலவரத்துக்கு எல்லாம் போட்டுப் பாக்குறாங்களே, அது எங்க நிஜமாவே வேலை செய்யுது, எங்க படம் மட்டும் அழகா இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னு ஒரு வேகம்.

மாடல் என்னன்னு இதுக்கு மேல விளக்கப் போறதில்ல, 2020க்கு அப்புறம் அது தெரியாதவங்க கிடையாது. ஆனா அது எங்கேர்ந்து வந்துச்சுங்கிறதுல ஒரு சங்கதி இருக்கு.

மூணு நம்பர்

மலேரியா கொசுவால பரவுதுன்னு கண்டுபிடிச்ச ரொனால்ட் ராஸ், 1916லயே இதை நோயைத் தாண்டி யோசிச்சிருக்காரு. மனுஷங்களுக்கு நடக்குற விஷயங்களை ரெண்டா பிரிக்கிறாரு. ஒண்ணு, ஒருத்தருக்கு நடந்ததால இன்னொருத்தருக்கு நடக்குற வாய்ப்பு மாறாதது, விபத்து மாதிரி. இன்னொண்ணு, ஏற்கனவே எத்தனை பேருக்கு நடந்திருக்குங்கிறதைப் பொறுத்து அடுத்தவங்களுக்கு நடக்குறது. தொற்றுநோயை மட்டும் இல்ல, தொழிற்சங்கம், அரசியல் கட்சி, மதப் பிரிவு இதுல எல்லாம் ஆள் சேருறதையும் இந்த ரெண்டாவது வகையில தான் சேர்க்கிறாரு. ஆக சமூகத்துக்கு இந்தக் கணக்கைப் போடுறது பின்னாடி யாரோ ஒட்டவச்ச வேலை இல்ல, ஆரம்பத்துலயே உள்ளே இருந்த ஆசை.

அப்புறம் 1927ல கெர்மாக், மெக்கெண்ட்ரிக் ரெண்டு பேரும் எழுதின கட்டுரை, எஸ்ஐஆர் மாடல் வந்தது அதுலேர்ந்து தான். மெக்கெண்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில இருந்து, கசௌலி பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல வேலை பார்த்தவரு. கெர்மாக் 1924ல லேப்ல நடந்த விபத்துல ரெண்டு கண்ணும் போனவரு, அதுக்கு அப்புறம் கணக்கை எல்லாம் மனசுலயே வச்சுப் போட்டவரு. இவ்வளவு பெரிய வேலையை அந்த நிலைமையில செஞ்ச மனுஷனை நினைச்சா இப்பவும் பிரமிப்பா இருக்கு. அவங்க தங்களோட கணக்கு நிஜத்தோட பொருந்துதான்னு பாக்க எடுத்துக்கிட்டது பம்பாய் பிளேக், 1905 டிசம்பர்லேர்ந்து 1906 ஜூலை வரைக்கும் வாராவாரம் செத்தவங்களோட எண்ணிக்கை. படத்தைப் பார்த்தா கண்ணை எடுக்க முடியாது, அவ்வளவு பொருத்தம். ஹைபர்போலிக் சீகண்ட்டோட வர்க்கம்னு, மேடு மாதிரி ஏறி இறங்குற ஒரு ஃபார்முலா, அதுல மூணே மூணு நம்பர்: 890, 0.2, 3.4.

இந்த மூணு நம்பரையும் நான் ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தேன். 890ங்கிறது மேட்டோட உயரம். 0.2ங்கிறது மேடு எவ்வளவு அகலம்ங்கிறதை முடிவு பண்ணுது. 3.4ஐ 0.2ஆல வகுத்தா 17, அதாவது பதினேழாவது வாரத்துல உச்சம். உயரம், அகலம், இடம், அவ்வளவு தான். நடுவுல ஏறி ரெண்டு பக்கமும் இறங்குற எந்த டேட்டாவைக் குடுத்தாலும் இந்த மூணையும் திருகித் திருகிப் பொருத்திடலாம். பம்பாய் பிளேக் ஒண்ணும் மனுஷங்கிட்டேர்ந்து மனுஷங்களுக்கு நேரா பரவினது இல்ல, எலியில பரவி, எலி செத்ததும் அதோட தெள்ளுப்பூச்சி மனுஷனைக் கடிச்சு வந்தது. வெயில் ஏற ஏற தெள்ளுப்பூச்சி குறையும், நோயும் குறையும், மறுபடி சீசன் வந்தா திரும்ப வரும். வருஷா வருஷம் அப்படித்தான் வந்துச்சு. எலியில நடக்குறதோட நிழல் தான் மனுஷங்கள்ல தெரியுது, அதனால இந்தப் பொருத்தத்தை ரொம்ப நம்பிடாதீங்கன்னு அவங்களே கட்டுரையில எச்சரிக்கை பண்ணியிருக்காங்க. 2012ல நிகோலா பகாயேர்ங்கிற கணிதக்காரர் இதை மறுபடி எடுத்துப் போட்டு, அந்த நம்பர்கள் நிஜத்துக்கு ஒத்து வராது, சீசனை விட்டுட்டு இந்த நோயைப் புரிஞ்சுக்க முடியாதுன்னு காட்டினாரு. மாடல் பொருந்தி, காரணம் வேறயா இருந்த முதல் கேஸ், அந்த மாடலோட முதல் படமே தான்.

எச்ஆர் ஸ்லைடுல இருந்த கர்வும் இப்படித்தான். ஒரு இடத்தை விட்டு ஆட்கள் ஒரு காலகட்டத்துல போனாங்கன்னா, மொத்தக் கணக்கு போட்டா அது எஸ் மாதிரி தான் வரும். மழை பிடிச்சா ரோட்ல எல்லாரும் வரிசையா குடையை விரிக்கிறாங்க, அதையும் நேரம் போட்டு எண்ணினா எஸ் தான் வரும், அதுக்காகக் குடை ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்குத் தொத்திக்குதுன்னு சொல்ல மாட்டோம்.

வதந்தி எப்படி அடங்குது

1964ல மட்டும் இதைப் பத்தி நேச்சர் பத்திரிகையில ரெண்டு கட்டுரை. காஃப்மன், நியூவில் ரெண்டு பேரும் அறிவியல் கருத்துகள் பரவுறதை நோயா வச்சு எழுதினாங்க. டேலி, கெண்டல் ரெண்டு பேரும் வதந்தியை எடுத்துக்கிட்டாங்க. எனக்கு ரெண்டாவது தான் ரொம்பப் பிடிச்சுது. ஏன்னா அவங்க நோய்க் கணக்கை அப்படியே காப்பி அடிக்காம, வதந்தி எப்படி சாகுதுங்கிற இடத்துல நின்னு யோசிச்சாங்க.

நோய்ல குணமாகுறது உடம்போட வேலை. யாரையும் பார்க்காம தனி ரூம்ல படுத்திருந்தாலும் சில நாள்ல சரியாயிடும். வதந்தி அப்படி இல்ல. ஒரு விஷயத்தை ஆர்வமா சொல்லப் போறோம், எதிர்ல இருக்குறவர் "அட, அது பழசு"ங்கிறாரு, சப்புன்னு ஆயிடுது, அதுக்கப்புறம் சொல்றதை விட்டுடுறோம். அதாவது பரவுறதும் சந்திப்புல தான், அடங்குறதும் சந்திப்புல தான். இந்த ஒரே ஒரு மாற்றத்தை வச்சுக் கணக்குப் போட்டா, கடைசி வரைக்கும் வதந்தி காதுல விழாதவங்க சுமார் 20.3 சதவீதம்னு வருது. ஆர்-நாட் 2 இருக்குற நோய்க்கு எஸ்ஐஆர் போட்டாலும் தப்பிச்சவங்க அதே 20.3 தான், ஏன்னா கடைசியில வர்ற சமன்பாடு ஒண்ணு தான். பதில் ஒண்ணா இருக்குறதால ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுட்டா அங்க தான் வழுக்கும்.

நோய் பரவும்போது சந்திப்புகளைப் பாதியாக்கினா என்ன ஆகும்? குணமாகுற வேகம் மாறாது, பரவுற வேகம் மட்டும் பாதியாகும், 2 இருந்த ஆர்-நாட் 1 ஆயிடும், நோய் படுத்துடும். இதுக்காகத் தான் ஊரடங்கு. வதந்தியில சந்திப்புகளைப் பாதியாக்கினா பரவுறதும் பாதியாகும், அடங்குறதும் பாதியாகும். ரெண்டும் சேர்ந்து மெதுவாகுது, ஆனா கடைசியில போய்ச் சேர்ற அளவு அதே தான், 20.3 சதவீதத்தைத் தவிர எல்லார் காதுலயும் விழும், என்ன, கொஞ்சம் லேட்டா விழும். ஒரே மாதிரி கர்வ், ஒரே மாதிரி கடைசி நம்பர், ஆனா ஒண்ணுல தனிமைப்படுத்தல் வேலை செய்யும், இன்னொண்ணுல செய்யாது. ஸ்லைடு போட்டவர் சொன்ன "சென்டிமென்ட்" இதுல எந்த வகைன்னு யாரும் கேக்காம, ஆட்களை குரூப்லேர்ந்து எடுக்குறதுன்னு முடிவு மட்டும் பண்ணிட்டாங்க. இது எனக்கு வருத்தம் மட்டும் இல்ல, கோபமும் தான். பல வருஷம் கூட வேலை பார்த்தவங்க கடைசி மாசத்துல ஒரு டீ நேரத்துக்குக் கூட கூட்டத்துல சேர முடியாம தனியா உக்காந்திருந்ததை நான் பார்த்தேன்.

2014ல பிரின்ஸ்டன்ல கன்னரெல்லா, ஸ்பெக்லர்னு ரெண்டு பேர் ஃபேஸ்புக்குக்கு இதே மாதிரி செஞ்சாங்க. அவங்களும் குணமாகுறதுல தான் கை வச்சாங்க, விட்டுட்டுப் போனவங்களைப் பார்த்துத் தான் மத்தவங்களும் விடுவாங்கன்னு வச்சாங்க, அது நல்ல யோசனை தான். ஃபேஸ்புக்குக்கு முன்னாடி பிரபலமா இருந்த மைஸ்பேஸ் விழுந்ததை கூகுள் தேடல் எண்ணிக்கையை வச்சுப் பொருத்தி, அதே கணக்குல ஃபேஸ்புக்கும் 2015லேர்ந்து 2017க்குள்ள உச்சத்துல இருந்ததுல 80 சதவீதம் யூசர்களை இழந்துடும்னு எழுதினாங்க. 2017 ஜூன்ல ஃபேஸ்புக்கோட மாத யூசர்கள் 200 கோடியைத் தாண்டியிருந்துச்சு. எல்லாரும் தினம் உள்ள போக ஆரம்பிச்சுட்டா, போன்ல ஆப் வந்துட்டா, அதை கூகுள்ல போய் யார் தேடப் போறா? தேடலை நோயாளி எண்ணிக்கையா எடுத்துக்கிட்டது தான் அங்க கவிழ்த்துடுச்சு.

உயரம் தொத்திக்குமா?

இதை எல்லாம் படிச்சும் ஏதோ ஒண்ணு உறுத்திட்டே இருந்துச்சு. கர்வை மட்டும் பார்த்தா ஏமாறலாம், சரி. ஆனா யார் யாரோட நண்பர்னு தெரிஞ்சு, ஆள் ஆளா பின்தொடர்ந்து பார்த்தா தெரிஞ்சுடுமே? 2007ல கிறிஸ்டாகிஸ், ஃபௌலர் செஞ்சது அது தான். அமெரிக்காவுல பல வருஷமா நடந்த ஃப்ரேமிங்ஹாம் இதய ஆய்வுல இருந்த 12,067 பேரை 32 வருஷ டேட்டாவுல பின்தொடர்ந்து, ஒருத்தரோட நண்பர் உடல் பருமன் ஆனா அவருக்கும் ஆகுற வாய்ப்பு 57 சதவீதம் கூடுதுன்னு காட்டினாங்க. அந்த ஆய்வைப் பத்திப் பேசாத பத்திரிகை கிடையாது. குண்டாகுறது தொற்றுன்னு தலைப்புப் போட்டாங்க. அதுல ஒரு நல்ல யோசனையும் இருந்துச்சு, நான் உங்களை நண்பர்னு சொல்லி, நீங்க என்னைச் சொல்லலைன்னா, தாக்கம் உங்ககிட்டேர்ந்து எனக்கு வருது, என்கிட்டேர்ந்து உங்களுக்கு வரலங்கிறது. திசை தெரியுது, அப்போ தொற்று தானேன்னு எனக்கும் தோணுச்சு.

அடுத்த வருஷம் 2008ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல கோஹன்-கோல், ஃப்ளெட்சர்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க ஒரு கட்டுரை எழுதினாங்க. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல. அவங்க செஞ்சது ரொம்ப சிம்பிள். அந்த மாதிரி ஆய்வுகள்ல வழக்கமா போடுற அதே கணக்கு முறையை எடுத்துக்கிட்டாங்க, அமெரிக்க டீனேஜ் பசங்களோட நட்பு டேட்டா ஒண்ணை எடுத்துக்கிட்டாங்க, தொத்திக்கவே முடியாத மூணு விஷயத்துக்குப் போட்டுப் பார்த்தாங்க: முகப்பரு, தலைவலி, உயரம். மூணுமே தொத்திக்கிச்சு! நண்பனுக்கு முகப்பரு இருந்தா நமக்கு வர்ற சாத்தியம் 1.62 மடங்கு, தலைவலின்னா 1.47 மடங்கு. உயரம் கூட, நண்பனோட உயரத்துல 20 சதவீத அளவுக்கு நம்ம உயரத்துல தாக்கம்னு வந்துச்சு. பக்கத்துல நெட்டையா ஒருத்தன் உக்காந்தா நாமளும் வளருவோம்னு கணக்கு சொல்லுது. அப்புறம், ஒரே ஸ்கூல்ல படிக்கிறவங்களுக்குப் பொதுவா இருக்குற சூழலை எல்லாம் கணக்குல சேர்த்ததும், மூணும் சுருங்கி, இருக்கா இல்லையான்னே சொல்ல முடியாத அளவுக்குப் போயிடுச்சு.

இதுல ஆடிப் போனேன்னு தான் சொல்லணும். கர்வ் ஏமாத்தும்னா ஆட்களைப் பின்தொடரலாம், ஆட்களைப் பின்தொடர்ந்தாலும் ஏமாத்தும்னா என்ன பண்றது? யோசிச்சுப் பார்த்தா காரணம் கண்ணு முன்னாடியே இருக்கு. நாம நண்பர்களை குலுக்கல்ல எடுக்குறதில்ல. நம்ம மாதிரி இருக்குறவங்களோட தான் சேருறோம், நாம இருக்குற இடத்துல இருக்குறவங்களோட தான் சேருறோம். ஒரே மாதிரி ஆட்கள் ஒரே மாதிரி சூழ்நிலையில ஒரே மாதிரி முடிவெடுத்தா, பக்கத்துல பக்கத்துல, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா, தொற்று மாதிரியே தான் தெரியும். 2011ல ஷலிஸி, தாமஸ் ரெண்டு பேரும் இதைக் கணக்காவே நிரூபிச்சுட்டாங்க: மனுஷங்க எதை வச்சு நட்பு பிடிச்சாங்களோ அது முழுசா நம்ம டேட்டாவுல இல்லைன்னா, நடக்குறதைப் பார்த்துட்டு மட்டும் இருந்து, இது சேர்க்கையா தொற்றான்னு பிரிக்கவே முடியாது.

எங்க டீம்ல ஒண்ணா ரிசைன் பண்ண மூணு பேரை இப்போ வேற மாதிரி பார்த்தேன். மூணு பேரும் ஒரே மூடப்பட்ட ப்ராஜெக்ட்ல இருந்தவங்க. அதனால தான் நண்பர்கள், அதனால தான் போனாங்க. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணு.

நூறு பேர் கூட்டம்

இப்படிச் சொல்றதால மனுஷங்க ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எதுவும் செய்ய மாட்டாங்கன்னு நான் சொல்ல வரல. செய்வாங்க, ஆனா வைரஸ் பிடிக்கிற மாதிரி இல்ல. மார்க் கிரானோவெட்டர்ங்கிற சமூகவியல்காரர் 1978ல ஒரு உதாரணம் சொல்றாரு. ஒரு மைதானத்துல நூறு பேர், கலவரம் வெடிக்கலாம்ங்கிற நிலைமை. ஒவ்வொருத்தருக்கும் ஒரு அளவு இருக்கு, இத்தனை பேர் ஏற்கனவே கல்லெடுத்தா தான் நானும் எடுப்பேன்னு. ஒருத்தருக்கு 0, அடுத்தவருக்கு 1, அதுக்கு அடுத்தவருக்கு 2, இப்படியே கடைசி ஆளுக்கு 99. பூஜ்யம் ஆள் ஆரம்பிக்கிறாரு, அவரைப் பார்த்து ஒண்ணு, அவங்களைப் பார்த்து ரெண்டு, வரிசையா சரிஞ்சு நூறு பேரும் இறங்கிடுறாங்க. இப்போ ஒரே ஒரு ஆளை மாத்துங்க, 1 இருந்தவருக்கு 2ன்னு வைங்க. பூஜ்யம் ஆள் கல்லெடுக்கிறாரு, சுத்திப் பாக்குறாரு, ஒருத்தர் செஞ்சா போதும்னு நினைக்கிற ஆளே இல்ல, அவ்வளவு தான், நின்னுடுச்சு. மறுநாள் பேப்பர்ல ஒண்ணுல கலவரக் கும்பல்னு வரும், இன்னொண்ணுல ஒரு கிறுக்கன் கல்லெறிஞ்சான்னு வரும். ரெண்டு கூட்டத்துலயும் 99 பேர் அச்சு அசல் அதே ஆட்கள்.

இதை எந்த ஆர்-நாட்ல அடைப்பீங்க? சராசரி எடுத்தா ரெண்டு கூட்டத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே நம்பர் தான் வரும். வைரஸுக்கு ஒரு சந்திப்பு போதும், தயக்கம் உள்ள முடிவுக்கு ரெண்டு மூணு பேர் தேவை. டேமன் சென்டோலா 2010ல ஆன்லைன்ல 1,528 பேரை வச்சு இதைப் பரிசோதனையாவே செஞ்சு பார்த்தாரு. யார் யாரோட சேரணும்னு அவரே குலுக்கல்ல முடிவு பண்ணாரு, அதனால ஒரே மாதிரி ஆட்கள் ஒண்ணு சேர்ந்துட்டாங்கங்கிற பிரச்சினையே வராது. தெரிஞ்சவங்களுக்குள்ளயே திரும்பத் திரும்பச் சுத்துற நெருக்கமான நெட்வொர்க்ல அவர் பரவ விட்ட பழக்கம் (ஒரு ஹெல்த் ஃபோரம்ல சேர்றது) 54 சதவீதம் பேருக்குப் போச்சு, அங்கங்க சிதறி இருக்குற நெட்வொர்க்ல 38 சதவீதம். நோய்னா நேர் எதிரா இருந்திருக்கும், சிதறி இருக்குறதுல தான் வேகமா ஓடும். தொற்று மாடல் எங்க போடலாம், எங்க கூடாதுன்னு இவ்வளவு தெளிவா சொன்ன ஆய்வு நான் பார்த்ததுல இது தான்.

பணம் ஓடும்போது

பொருளாதாரத்துல இதோட நல்ல பக்கமும் கெட்ட பக்கமும் ஒரே இடத்துல தெரியும். 1969ல ஃபிராங்க் பாஸ் போட்ட மாடல், புதுப் பொருள் விற்பனைக்கு இன்னிக்கும் எல்லாரும் எடுக்குறது. தானா வாங்குறவங்களுக்கு ஒரு எண், மத்தவங்களைப் பார்த்து வாங்குறவங்களுக்கு ஒரு எண். பிரிட்ஜ், ஏசி, டிவின்னு 11 பொருளுக்குப் போட்டுப் பார்த்தாரு, நல்லாவே பொருந்துச்சு. ஆனா விலை வருஷா வருஷம் இறங்கி, ஒவ்வொரு வருமான அடுக்கா வாங்க முடிஞ்சா, யாரும் யாரையும் பாக்காமலே அதே எஸ் வரும். அமெரிக்காவுல ஹைப்ரிட் மக்காச்சோள விதைக்கு இந்தச் சண்டை முன்னாடியே நடந்திருக்கு. 1943ல ரையன், கிராஸ்ங்கிற சமூகவியல்காரங்க அக்கம்பக்கத்து விவசாயி சொல்லித் தான் பரவுச்சுன்னாங்க, 1957ல கிரிலிகஸ் எந்த ஊர்ல லாபம் அதிகமோ அங்க சீக்கிரம் ஏறுச்சுன்னு காட்டினாரு. ரெண்டு பேர் கையிலயும் இருந்தது அதே எஸ்.

பேங்க் விஷயம் தான் எனக்கு ரொம்ப முக்கியமா பட்டுச்சு. 2023 மார்ச் 8ல சிலிக்கான் வேலி பேங்க், பாண்டுகளை வித்ததுல 180 கோடி டாலர் நஷ்டம்னு சொல்லுச்சு. மறுநாள் ஒரே நாள்ல 4,200 கோடி டாலரை எடுத்துட்டாங்க, அதுக்கு மறுநாள் பேங்க் மூடியாச்சு. பீதி தொத்திக்கிச்சுன்னு தான் எல்லாரும் எழுதினாங்க. ஆனா அங்க டெபாசிட் போட்டிருந்தவங்களுக்கு இன்சூரன்ஸ் 2,50,000 டாலர் வரைக்கும் தான், பெரும்பாலான பணம் அதுக்கு மேல இருந்துச்சு. மத்தவங்க எடுத்தா நம்ம பணம் போயிடும்ங்கிற நிலைமையில போய் எடுக்குறது நோய் இல்ல, நிதானமா யோசிச்சாலும் அதைத் தான் செய்வோம். டயமண்ட், டிப்விக்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க 1983லயே இதைக் கணக்கா எழுதி வச்சாங்க, 2022ல அவங்களுக்கு நோபல் பரிசும் கிடைச்சுது. அவங்க சொன்ன மருந்து, ஆட்களைப் பிரிக்கிறது இல்ல, டெபாசிட் இன்சூரன்ஸ். ஓடுறதுக்கான காரணத்தையே எடுத்துடுறது. யாரும் யார்கிட்ட வேணும்னாலும் பேசிக்கட்டும், பணம் பத்திரம்னு தெரிஞ்சா யாரும் ஓட மாட்டாங்க. அப்ரைசல் ஒழுங்கா நடந்திருந்தா எங்க டீம் குரூப்ல எத்தனை ரிசைன் மெசேஜ் வந்திருந்தாலும் பாதிப் பேர் நகர்ந்திருக்க மாட்டாங்க, இதை நான் உறுதியா நம்புறேன்.

அதே பணத்துல நிஜமான தொற்றும் இருக்கு. 2008 செப்டம்பர் 15 அமெரிக்க முதலீட்டு பேங்க் லீமன் பிரதர்ஸ் திவால். மறுநாளே ரிசர்வ் ப்ரைமரிங்கிற முதலீட்டு ஃபண்ட்ல ஒரு பங்கோட மதிப்பு 1 டாலரா இருக்க வேண்டியது 97 சென்ட்டுக்கு இறங்கிடுச்சு, ஏன்னா அவங்க கையில லீமன் குடுத்த கடன் பத்திரம் 78.5 கோடி டாலருக்கு இருந்துச்சு. யார்கிட்டேர்ந்து யாருக்கு, என்ன, எவ்வளவு, எல்லாத்துக்கும் கணக்குப் புத்தகத்துல பதில் இருக்கு. 2011ல பிரிட்டன் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்தோட ஆண்ட்ரூ ஹால்டேனும், தொற்றுநோய்க் கணக்குல பேர் போன ராபர்ட் மேயும் சேர்ந்து, எல்லா பேங்கையும் ஒரே மாதிரி கண்காணிக்காம, நடுவுல எல்லாரோடயும் கோத்துக்கிட்டு இருக்குற பெரிய பேங்க்குகளை சூப்பர் ஸ்ப்ரெடர் மாதிரி பாருங்கன்னு எழுதினாங்க. அங்க மாடல் தன்னோட வேலையை ஒழுங்கா செய்யுது, ஏன்னா நஷ்டம்ங்கிறது கைமாறுற பொருள்.

மாடலைப் போட்டவங்க மனுஷங்களைக் கிருமியா பாக்கணும்னும் அவசியம் இல்ல. சிகாகோவுல துப்பாக்கிச் சூட்டைப் பத்தி 2017ல கிரீன், ஹோரெல், பாப்பாகிறிஸ்டோஸ் செஞ்ச ஆய்வு இதுக்கு நல்ல உதாரணம். ஒண்ணா கைதானவங்களோட நெட்வொர்க், 1,38,163 பேர். அதுல 11,123 துப்பாக்கிச் சூட்டுச் சம்பவங்கள். தொற்றுன்னு நேரா முடிவுக்குப் போகாம, வயசு, இடம் மாதிரி பின்னணியை மட்டும் வச்சு ஒரு மாடல், தொற்றை மட்டும் வச்சு ஒண்ணு, ரெண்டையும் சேர்த்து ஒண்ணுன்னு மூணையும் மோத விட்டாங்க. சேர்த்துப் போட்டது தான் ஜெயிச்சுது. தொற்றோட பங்கு 63.1 சதவீதம்னு வந்துச்சு, ஒருத்தர் சுடப்பட்டதுக்கும் அவர் மூலமா வந்த ஆபத்துல அடுத்தவர் சுடப்படுறதுக்கும் நடுவுல சராசரியா 125 நாள். ஷலிஸி சொன்ன சிக்கல் இதுலயும் முழுசா தீரல, ஆனா போட்டி விளக்கத்தை எதிர்ல நிறுத்திப் பார்த்துட்டுத் தான் பேசுறாங்க, அந்த நேர்மை எனக்குப் பெருசா படுது. அந்த 125 நாள் கையில கிடைச்சா என்ன செய்யலாம்ங்கிறதுக்கும் அதே ஊர்ல வழி இருக்கு. ஆப்பிரிக்காவுல தொற்றுநோய் வேலை பார்த்துட்டுத் திரும்பி வந்த கேரி ஸ்லட்கின்ங்கிற டாக்டர் 2000லயே அங்க ஒரு திட்டத்தை ஆரம்பிச்சிருந்தாரு. அடிபட்டவரோட கூட்டாளியைத் தேடி, அந்தத் தெருவுல எல்லாரும் நம்புற ஒரு ஆளை அனுப்புவாங்க. அவர் போய் தனிமைப்படுத்த மாட்டாரு, பழிவாங்கப் போறதுக்கு முன்னாடி பக்கத்துல உக்காந்து பேசுவாரு.